டவுன் பஸ் கண்டக்டர் வீடியோ கேம் ஆன கதை

கூட்டம் நெரியும் டவுன் பஸ். நீங்கள்தான் கண்டக்டர். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும்.

இந்த யோசனை என்னிடம் நெடுநாளாக இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் "நல்லா இருக்கே, செஞ்சுடு" என்றார்கள். செய்ய உட்கார்ந்தபோதுதான் கையில் இருந்தது ஓர் இடமும் ஓர் ஆளும் மட்டுமே என்று தெரிந்தது. ஆடுகிறவர் நொடிக்கு நொடி என்ன செய்வார், எதைக் கணக்குப் போடுவார், எங்கே தடுமாறுவார் என்பதற்கு விடை இல்லை. ஒருவரைத் தொட்டால் டிக்கெட், அடுத்தவரைத் தொட்டால் டிக்கெட் என்று போனால் முதல் ஸ்டேஜ் முடிவதற்குள் சலித்துவிடும்.

அதனால் கணினிப் பக்கம் போகாமல் பழைய காலண்டர் அட்டைகளை வெட்டிப் பயணிகள் செய்தேன். ஒவ்வொரு அட்டையிலும் எங்கே இறங்குவார், எந்த நோட்டை நீட்டுவார் என்று எழுதினேன். கிண்ணத்தில் நிஜச் சில்லறை. அக்கா பிள்ளைகள் இருவரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஆடினார்கள். கட்டணம் 5, 10 என்று வைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் நேராகக் கழிந்துவிட்டது. அப்புறம் 7, 11, 13 என்று மாற்றினேன். அப்போதே ஆட்டம் சூடு பிடித்தது. 13 ரூபாய் டிக்கெட்டுக்கு ஒருவர் 20 ரூபாய் கொடுக்கிறார். மீதி 7 ரூபாய்க்கு ஓர் ஐந்தும் ஒரு இரண்டும் வேண்டும். கிண்ணத்தில் இரண்டு ரூபாய் இல்லை. பெரியவன் சற்றும் யோசிக்காமல், "மூணு ரூபா சில்லறை இருக்கா? பத்தா தர்றேன்" என்று கேட்டான். யாரும் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் தினம் கேட்கிற வசனம்தானே.

அங்கேதான் எனக்கு விளையாட்டு கிடைத்தது. கண்டக்டருக்கு மூன்று வழிகள். கையிருப்பிலிருந்து கொடுக்கலாம், சில்லறை குறையும். பயணியிடம் கேட்கலாம், அவர் பர்ஸைத் துழாவி முடிப்பதற்குள் நேரம் போகும், கடைசியில் "இல்லையேப்பா" என்றும் சொல்லலாம். அல்லது டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்து, "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்று நகரலாம். மூன்றாவது வழிதான் இந்த ஆட்டத்தின் உயிர். அந்த நொடியில் தப்பித்துவிடலாம், ஆனால் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது தலையில் ஏறிக்கொள்கிறது. கூட்டம் கூடக் கூட அந்தப் பாரமும் கூடும்.

இதைக் கண்டுகொண்ட பிறகு மற்ற ஆசைகளை வெட்டுவது எளிதாக இருந்தது. டிரைவராக ஓட்டுவது, டிப்போவை நிர்வகிப்பது, தனியார் பஸ்ஸோடு போட்டி, நாயகனுக்கு ஒரு குடும்பக் கதை எல்லாவற்றையும் நீக்கினேன். ஒரே தடம்: மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து பழங்காநத்தம், பைக்காரா, பசுமலை, மூலக்கரை வழியாகத் திருப்பரங்குன்றம். முதல் முறையாக கேம் செய்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். உங்கள் யோசனையில் எது நீங்கினால் ஆட்டமே செத்துப்போகுமோ அதை மட்டும் முதலில் செய்யுங்கள்.

எந்த கேம் என்ஜின், அதாவது கேமை உருவாக்கும் மென்பொருள், என்பதை நான் தமிழை வைத்துத்தான் முடிவு செய்தேன். "போ" என்று எழுதினால் கணினிக்குள் ப முதலிலும் அதன் உயிர்க்குறி பின்னாலும் இருக்கும். திரையிலோ கொம்பு ப-வுக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தனி நிரல் வேண்டும். கோடோ என்ஜினின் 3-ஆம் பதிப்பு வரை அது கிடையாது, கொம்பு இடம் மாறி நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4-ஆம் பதிப்பில் எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பைச் சேர்த்துவிட்டார்கள். தமிழ் எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் ஒழுங்காக வருகிறது. என்ஜின் இலவசம், மூலநிரல் திறந்தது, கேமை விற்றாலும் என்ஜினுக்கென்று பங்கு தர வேண்டாம். பயணிகளின் பேச்சுக்கு பலூ தம்பி எழுத்துரு. அதன் உருண்டை வடிவம் டவுன் பஸ் பேச்சுக்குப் பொருந்துகிறது, திறந்த உரிமம் என்பதால் கேமுக்குள் வைத்தே தரலாம்.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், தமிழில் கேம் செய்கிறவர்களுக்கு உதவும். பேச்சுக் குமிழில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் உத்தியை வைத்தால், "சொல்லு" என்பது முதலில் "ச" என்று வந்து, பிறகு துள்ளி "சொ" ஆகும். கண்ணை உறுத்தும். எழுத்து வடிவம் சேர்ந்த பிறகு எண்ணு என்று கோடோவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மாற்றினால் அந்தத் துள்ளல் போய்விடும்.

படமே இல்லாமல் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்துத்தான் முதல் வடிவம் ஓடியது. பஸ்ஸுக்குள் நிற்கும் இடங்களைக் கட்டங்களாகப் பிரித்தேன். கண்டக்டர் நுழையும்போது அந்தக் கட்டத்தில் நிற்பவர் ஒதுங்கி வழிவிடுவார். பிரேக் போட்டால் எல்லோரும் முன்பக்கம் சாய்வார்கள். இந்தச் சாய்வு ஒன்றே பெட்டிகளை மனிதர்களாக்கியது.

அந்த நிலையில் பெரியப்பாவிடம் காட்டினேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போனை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆடிப் பார்த்தார்.

"என்னப்பா, இவன் ஒவ்வொரு தடவையும் பைக்குள்ள கையை விட்டுத் துழாவுறான்? ஓடுற பஸ்ல அதுக்கெல்லாம் நேரம் ஏது?"

எழுந்து நின்று காட்டினார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்வார்கள். பத்து ஓர் இடுக்கில், இருபது அடுத்ததில், ஐம்பது அதற்கடுத்து. பார்க்காமலே உருவலாம்.

"அப்ப சில்லறைக்கு என்ன செய்வீங்க பெரியப்பா?"

"காலையில முதல் ட்ரிப்புலேயே சில்லறையைக் கொடுத்துத் தீத்துட்டா, அன்னைக்குப் பூரா சண்டைதான். கூட்டம் இல்லாதப்பவே கேட்டு வாங்கி வச்சுக்கணும்."

இந்த இரண்டு பேச்சும் கேமை மாற்றிவிட்டன. திரையின் அடியில் பணப் பட்டியல் இருந்த இடத்தில் இப்போது விரித்த கை ஒன்று இருக்கிறது. விரலிடுக்கைத் தொட்டால் நோட்டு வரும். ஒவ்வொரு ட்ரிப்பும் தனி ஆட்டமாக இருந்ததை ஒரு முழு நாளாக இணைத்தேன். காலையில் கூட்டம் குறைவு, அப்போது கேட்டு வாங்கிச் சேர்த்த சில்லறைதான் மாலைக் கூட்டத்தில் காப்பாற்றும். நான் எத்தனை யோசித்திருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது. எந்தத் தொழிலைப் பற்றிக் கேம் செய்தாலும் அந்தத் தொழிலில் இருந்தவர் கையில் சீக்கிரமே கொடுத்துவிட வேண்டும்.

பெண்களின் கட்டணமில்லாப் பயணத்தை என்ன செய்வது என்று நிறைய யோசித்தேன். தமிழ்நாட்டில் 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் பணம் தர வேண்டியதில்லை. சில்லறையை நம்பி நிற்கும் ஆட்டத்தில் பயணிகளில் ஒரு பெரும்பகுதிக்குச் சில்லறையே தேவைப்படாது. கதையை அதற்கு முந்தைய ஆண்டில் வைத்துவிடு என்றார் ஒரு நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்றைய டவுன் பஸ் என்றால் வேலைக்கும் சந்தைக்கும் கல்லூரிக்கும் போகும் பெண்கள்தான் அதன் பாதி உலகம். செய்து பார்த்தபோது அது ஆட்டத்துக்கு நல்லதாகவே அமைந்தது. அவர்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு கொடுத்தாக வேண்டும், செக்கிங் ஏறினால் அதையும் பார்ப்பார்கள். ஆனால் சட்டென்று முடியும். மளமளவென்று நான்கு சீட்டு, பிறகு ஒரு சில்லறைச் சிக்கல், மறுபடி மளமள. ஆட்டத்துக்கு ஒரு தாளம் வந்துவிட்டது.

படங்களை இலவச மென்பொருளான கிரிட்டாவில் வரைந்தேன். பாக்கி யாருக்கு என்பதை ஆடுபவர் நினைவில் வைக்க வேண்டுமானால் ஆட்கள் மறக்க முடியாதபடி இருக்க வேண்டும். அதனால் ஒருவருக்குத் தோளில் துண்டு, ஒருவருக்குத் தூக்குவாளி, ஒரு பாட்டிக்கு மடியில் வாழைக்கன்று. வேலையில் அதிக நேரம் இதற்குத்தான் போனது, அது தகும். ஒலிகளைப் போனிலேயே பதிவு செய்து ஆடாசிட்டியில் சுத்தம் செய்தேன். இரண்டு விசில் அடித்தால் புறப்படும், ஒன்று அடித்தால் நிற்கும்.

மற்றவர்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்ப்பது ஒரு பயிற்சி. "அதைத் தொடுங்க" என்று சொல்லிவிட்டால் எதுவும் தெரியாமல் போய்விடும். டிக்கெட்டின் பின்னால் எழுதலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. விளக்கம் எழுதி வைக்காமல், முதல் பயணியே "பாக்கிய எழுதிக் கொடுத்துடுங்கண்ணே" என்று கேட்கும்படி வைத்தேன். அதன் பிறகு யாரும் தடுமாறவில்லை.

குறைந்த விலைப் போன்களிலும் ஓட வேண்டும் என்பதற்காக திரையில் படம் காட்ட கோடோவில் உள்ள எளிய முறையான காம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் கேம்களைப் பகிரும் இட்ச் தளத்தில் உலாவியிலேயே ஆடும்படி ஏற்றினேன். அதற்குச் செலவில்லை. பிளே ஸ்டோருக்கு ஒரே முறை 25 டாலர் கட்டணம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆட்களை முன்னமே பேசி வையுங்கள், இரண்டு மூன்று பேரைக் கூடுதலாகவே சேருங்கள், யாராவது நடுவில் விலகினாலும் எண்ணிக்கை நிற்கும். வயது வகைப்பாட்டுக்கான கேள்விகள், தனியுரிமை அறிக்கை எல்லாம் உண்டு. என் கேம் யாருடைய தகவலையும் சேகரிப்பதில்லை என்பதால் அவை சீக்கிரம் முடிந்தன. கேமை ஏற்றுவது நீங்கள்தான் என்று காட்டும் கையொப்பச் சாவி இருக்கும் ஃபைலை மட்டும் வேறு வேறு இடங்களில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக் குழுவிடமிருந்து அதிகம் வந்த கேள்வி, பாக்கியை மறந்து இறங்கிப் போகும் பயணியைப் பற்றியது. அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தால் மதிப்பெண் உண்டா? கிடையாது, நேரம்தான் குறையும். மதிப்பெண் கொடுங்கள் என்று சிலர் கேட்டார்கள். பெரியப்பா வேண்டாம் என்றார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அடுத்த தடத்தை வரைந்துகொண்டிருக்கிறேன்: பெரியாரிலிருந்து அழகர்கோவில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தோடு.