அம்மாவின் கட்டி எங்கிருந்து வந்தது?

ஆபரேஷனில் அம்மாவின் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் மியூசினஸ் கார்சினோமா, அதாவது சளி போன்ற பொருளைச் சுரக்கும் புற்றுநோய், என்று வந்தது. சினைப்பையிலேயே தொடங்கிய புற்றுநோய் என்று எண்ணி, கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகள் கொடுப்பதாகப் பேச்சு.

கட்டி இரண்டு பக்கமும் இருந்தது புற்றுநோய் மருத்துவருக்கு உறுத்தியது. இந்த வகை சினைப்பையிலேயே உண்டானால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், அதுவும் பெரிதாக வளரும் என்றார். குடல் புற்றுநோயில் பெரும்பாலும் கூடும் சி.இ.ஏ. என்ற புரதமும் ரத்தத்தில் கூடுதலாக இருந்தது. ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கி, இன்னொரு பத்தாலஜிஸ்டிடம் (திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம்) காட்டச் சொன்னார். திசுவை மெழுகில் பதித்து வைப்பதுதான் பிளாக். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும் தந்தார்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் சேர்த்தே கொண்டுபோனேன். அவை இல்லாமல் ஸ்லைடை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டமாம்.

இரண்டாவதாகப் பார்த்த பத்தாலஜிஸ்ட் அம்மையார் பொறுமையாக விளக்கினார். குடலிலிருந்து சினைப்பைக்குப் பரவிய செல்கள் சில இடங்களில் சாதுவாக, சாதாரண நீர்க்கட்டி போலவே அடுக்கி நிற்குமாம். பக்கத்திலேயே வேறொரு இடத்தில் சுரப்பிக்குள் செத்த செல்கள் குப்பையாகக் கிடக்கும். ஒரே துண்டைப் பார்த்தால் ஏமாந்துவிடலாம். இப்படி ஏமாந்த பழைய கதை ஒன்றும் சொன்னார். 1896-இல் க்ரூக்கன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த கட்டி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவரே அதைச் சினைப்பையில் உண்டானதென்றுதான் நினைத்தார். பெரும்பாலும் இரைப்பையிலிருந்து பரவுவது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இதைக் கேட்ட பிறகு முதல் ரிப்போர்ட் எழுதியவர் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

அப்புறம் ஐ.எச்.சி. பரிசோதனை. செல்களில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று சாயமேற்றிப் பார்ப்பது அது. சி.கே.20, சி.டி.எக்ஸ்.2, சாட்பி2 மூன்றும் பாசிட்டிவ், சி.கே.7 நெகட்டிவ். பெருங்குடல் பக்கம் கை காட்டும் சேர்க்கை இது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில், மலக்குடலுக்குச் சற்று முன்னுள்ள சிக்மாய்டு பகுதியில் புண் தெரிந்தது. அம்மாவுக்கு மலச்சிக்கல் தவிர வேறு தொந்தரவே இருந்ததில்லை.

மருந்து ஆக்சலிபிளாட்டின், கேப்சிடபின் என்று மாறியது. குடலிலிருந்து சினைப்பைக்குப் பரவிவிட்டதால் இது நான்காம் நிலைதான். ஆனால் அம்மாவின் நோய்க்கு உரிய மருந்து கிடைக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

பிளாக்கைத் திரும்ப வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து பலன் தரும் என்று அறிய உதவும் கே.ராஸ், என்.ராஸ், பி.ராஃப், எம்.எஸ்.ஐ. என்ற மரபணுப் பரிசோதனைகளை அதே பிளாக்கிலிருந்துதான் செய்தார்கள். மறுபடி ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டியிருக்கவில்லை.