எழுபது ஸ்வோட்டி கொடுத்து ஆற்றைத் தாண்டிய கதை

ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகிறது. அந்த எழுபது ஸ்வோட்டியை (போலந்துப் பணம்) நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

போலந்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது செஷின். ஓல்சா ஆற்றுக்கு இக்கரை போலந்து. அக்கரை செக் குடியரசு, அங்கே ஊரின் பெயர் செஸ்கி டெஷின். 1920 வரை இரண்டும் ஒரே ஊர். அறை மலிவு என்று போலந்துப் பக்கம் தங்கினேன். ரயில் பிடிக்க வேண்டியதோ செக் பக்கம். கனத்த பெட்டி, மழை வேறு. டாக்ஸிக்காரர் எழுபது கேட்டார். கூப்பிடு தூரம்தானே என்றால், "அது வெளிநாடு" என்கிறார்! பாலத்தில் பாஸ்போர்ட் கேட்க ஓர் ஆள் கிடையாது. முந்தின நாள் அதே பாலத்தில் கையை வீசிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஐந்தே நிமிடத்தில் இறக்கிவிட்டார்.

இந்த 'வெளிநாடு' எப்படி வந்தது என்று பார்க்கத்தான் நான் இந்த ஊருக்கே போனேன். 1918இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு சரிந்தது. உள்ளூர் போலிஷ்காரர்களும் செக்காரர்களும் நவம்பர் 5 அன்று உட்கார்ந்து பேசி, இந்த வட்டாரத்தில் எங்கே யார் அதிகமோ அந்த இடம் அவர்களுக்கு என்று தற்காலிகமாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அது நியாயமான ஏற்பாடாகத்தான் படுகிறது. செக் தலைநகர் பிராகில் இருந்தவர்களுக்கு ஒத்துவரவில்லை. இந்த வட்டாரத்துக் கர்வினா ஊரின் நிலக்கரியும், போஹுமினிலிருந்து ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சேவுக்குப் போகும் ரயில் பாதையும் அவர்களுக்கு வேண்டும். அந்தப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1919 ஜனவரி 26 அன்று போலந்து தன் நாடாளுமன்றத் தேர்தலை இங்கேயும் நடத்தப் போகிறது என்றதும், 23ஆம் தேதியே செக் படை புகுந்துவிட்டது.

ஆரம்பமே நாடகம். செக் தளபதி ஷ்னேய்டாரெக், முதல் உலகப் போரில் வென்ற நேச நாடுகளின் சீருடை போட்ட அதிகாரிகளோடு போலிஷ் தளபதி லடீனிக்கிடம் வந்து, இடத்தைக் காலி செய்யுங்கள் என்று கெடு வைத்தார். லடீனிக் மசியவில்லை. ஆனால் அவரிடம் ஆள் பலம் இல்லை. போலந்துப் படையில் பெரும்பகுதி அப்போது லிவிவ் பக்கம் உக்ரைனியர்களோடு மோதிக்கொண்டிருந்தது. அவர் பின்வாங்க, 27ஆம் தேதி செஷின் செக் கைக்குப் போனது. 28 முதல் 30 வரை ஸ்கோச்சூவ் என்ற ஊர்ப் பக்கம் கடும் சண்டை, அப்புறம் நேச நாடுகளின் நெருக்கடியில் சண்டை நிறுத்தம். கணக்குப் பார்த்தால் ஒரு வாரம்!

ஸ்கோச்சூவுக்குப் போன பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அட்டவணையில் இருந்த வண்டி வரவே இல்லை. அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்து, நிற்கவும் இடமில்லாமல் வந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. பக்கத்திலிருந்த பாட்டி கைக்குட்டையால் ஒரு வட்டம் துடைத்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக அந்த வட்டத்தில்தான் நான் வழி முழுக்கப் போர்க்களம் பார்த்தேன். லடீனிக் அரணாக நம்பிய விஸ்துலா ஆற்றைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. மலையிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரமே வந்த சின்ன ஆறு. ஸ்டோனாவா என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அந்த ஜனவரியில் இறந்த போலிஷ் வீரர்களின் சமாதி இருக்கிறது. அங்கேயும் போக ஆசைதான். டாக்ஸிக்குச் சொன்ன தொகையைக் கேட்டதும் ஆசையை விட்டுவிட்டேன்.

சாப்பாட்டில் இந்த ஊர் ஏமாற்றவில்லை. செஷின் கனாப்கா என்று ஒன்று: ஒரு துண்டு ரொட்டி, மேலே ஊறவைத்த ஹெர்ரிங் மீன், வெங்காயம். நின்றுகொண்டே இரண்டு கடியில் முடித்துவிடலாம். ஒன்று வாங்கினேன், திரும்பிப் போய் இரண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக இன்னும் மூன்று. பட்ஜெட்டைக் காப்பாற்றியது அந்த மீன்தான்.

கோட்டைக் குன்றில் ஒரு பழைய வட்டக் கோயில் இருக்கிறது. 20 ஸ்வோட்டி நோட்டின் பின்பக்கம் இருப்பதும் அதுதான். நோட்டை நீட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நோட்டில் இன்னும் கம்பீரம். (டாக்ஸிக்காரர் வாங்கியது மூன்றரைக் கோயில்!) அங்கிருந்து பார்த்தால் ஆறும் அக்கரையும் தெரிகின்றன. இந்த வட்டாரம் யாருக்கு என்று பொது வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லி, அதையும் கைவிட்டு, 1920 ஜூலை 28 அன்று வல்லரசுகளின் தூதர்கள் ஆற்றையே எல்லையாக்கினார்கள். பழைய ஊரும் கோட்டையும் போலந்துக்கு, ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. ரயில் நிலையத்தையும் ஊரையும் இணைத்து 1911 முதல் ஒரு டிராம் ஓடியது. 1921இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அது இன்றைக்கும் ஓடினால் என் எழுபது ஸ்வோட்டி பிழைத்திருக்கும்.

நிலையத்தில் கழிப்பறைக்குக் கொருனா (செக் பணம்) கேட்டார்கள். என் பையில் டாக்ஸிக்காரர் மீதி கொடுத்த முப்பது ஸ்வோட்டிதான் இருந்தது. நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்கள். அடக்கிக்கொண்டு ரயில் வரும்வரை நடைமேடையிலேயே நின்றேன்.