ஒரு பந்து

2025 மார்ச்சில் பத்மாகர் சிவால்கர் காலமான செய்தியை டொராண்டோவில், வாசலில் பனியை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தபோது படித்தேன். ஒரு டெஸ்ட்கூட ஆடக் கொடுத்துவைக்காத பம்பாய்ச் சுழற்பந்து வீச்சாளர். ஆனால் என் கண்முன் வந்து நின்றவர் நம் பள்ளிக் கணக்கு சார்.

1972-73 ரஞ்சிக் கோப்பை, மாநில அணிகள் மோதும் கிரிக்கெட் போட்டி; அதன் இறுதி ஆட்டம், சேப்பாக்கத்தில், தமிழ்நாடும் பம்பாயும். அதற்கு முன் 14 ஆண்டுகளாகக் கோப்பை பம்பாயை விட்டு நகர்ந்ததில்லை. நம்மிடமும் சுழற்பந்துக்கு வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள், பந்து திரும்பினால் பிழைத்தோம் என்றிருந்தோம். திரும்பியது. சிவால்கருக்கு இன்னும் நன்றாகத் திரும்பியது: 16 ரன்னுக்கு 8 விக்கெட், அடுத்த இன்னிங்ஸில் 18 ரன்னுக்கு 5.

மூன்றாம் நாள் காலை நமக்கு முழுத்தேர்வுக்கான சிறப்பு வகுப்பு. நம் அணிக்குக் கடைசி விக்கெட் மட்டும் மீதி. பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது போதாதா, அதிசயத்தை எதிர்பார்க்க? வயிற்றுவலி என்று ஒருவனிடம் சொல்லியனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். நான் இறங்கும்போது கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. அன்றைய முதல் பந்திலேயே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

வீட்டுக்குப் போக வழியில்லை. அங்கே நான் பள்ளியில் இருக்கிறேன். இரண்டாம் மணி அடிப்பதற்குள் வேப்பமரத்தைத் தாண்டி வகுப்பு வாசலில் நின்றேன்.

"வயிறு சரியாகிவிட்டதா? ஸ்கோரைச் சொல்."

சொன்னேன். சாக்பீஸை என் கையில் கொடுத்தார். "தமிழ்நாடு இரண்டு இன்னிங்ஸும் கூட்டு."

80, 61. கூட்டி 141 என்று எழுதினேன்.

"பம்பாய் முதல் இன்னிங்ஸ்?"

"151, சார்."

"ஆக, இருபது பேர் ஆடியும் பத்து ரன் குறைகிறது. இவன் ஒரு பந்துக்காகப் போய், அதையும் பார்க்காமல் வந்திருக்கிறான்." வகுப்பே சிரித்தது. பள்ளி முடியும்வரை எனக்கு 'ஒரு பந்து' என்றுதான் பெயர். இந்த மலரைப் புரட்டும் சிலர் இப்போதும் சிரிப்பார்கள், சிரியுங்கள்.

மாநிலக் கணக்கில் வென்றதைவிடத் தோற்றதைக் கணக்குப் போடவே நமக்கு அதிகம் வாய்த்தது. 1954-55க்குப் பிறகு அடுத்த கோப்பை 1987-88இல்தான்; அதே சேப்பாக்கத்தில், ரயில்வே அணியை வீழ்த்தி, வாசுதேவன் தலைமையில். அதற்குள் நான் இங்கே வந்து ஏழு குளிர்காலம் ஆகியிருந்தது. ஊர்ப் பத்திரிகை வருவதற்கு முன்பே நீல நிற விமானத் தபால் ஒன்று வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு சார், அதே சாய்ந்த எழுத்தில்:

"எல்லா நாளும் போனேன். கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அன்று உன்னோடு நானும் வந்திருக்கலாம்."

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய் நேரில் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று தபாலை அலமாரியில் வைத்தேன். நான் ஊருக்குப் போனது ஆறு ஆண்டுகள் கழித்து. சார் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.