மோல்மீன்: ஒரு சண்டை, இரண்டு கிண்ணம் மோஹிங்கா

மியான்மரின் மோல்மீனில் ரயிலை விட்டு இறங்கியதுமே சண்டை. ஆற்றோரத்துக்குப் போக மூன்று சக்கர வண்டிக்காரர் 6,000 சாட் (மியான்மர் பணம்) கேட்டார். எனக்கு முன்னால் நின்ற பர்மியப் பெண்ணிடம் 2,500தான் சொல்லியிருந்தார். என் முகத்தைப் பார்த்து, இந்தியாவிலிருந்து ஊர் சுற்ற வந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார். "நான் யாங்கோன்காரன்யா!" என்று பர்மிய மொழியில் பொரிந்து தள்ளினேன். 3,500க்கு வந்தார். பிறந்த நாட்டிலேயே வெளியூர் விலை! மூன்று நாள் செலவுக்கு எண்ணி எடுத்து வந்த பணம், முதல் பத்து நிமிடத்திலேயே இப்படி.

ரயிலைப் பற்றி என்ன சொல்ல? உடம்பு இன்னும் குலுங்குகிறது. ஆனால் தன்ல்வின் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது தூங்கிவிடாதீர்கள். 2005இல்தான் அது திறந்தது. அதற்கு முன்பெல்லாம் எதிர்க்கரை மொட்டாமாவில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இது இன்னும் மோல்மீன்தான், இன்றைய பெயரான மௌலமைன் என்றால் "எந்த ஊர்?" என்பார்கள். 1827 முதல் 1852 வரை ஆங்கிலேயர் பர்மாவின் தலைநகரம் இதுதான். ஊருக்குச் சோறு போட்டது தேக்கு. காட்டில் வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டால் போதும், தண்ணீரே கொண்டுவந்து சேர்க்கும். இங்கே யானைகள் இழுத்து அடுக்கும், ஆலைகள் அறுக்கும், கப்பலும் கட்டுவார்கள். என் தாத்தா ஒரு மரக்கிடங்கில் கணக்கு எழுதியவர். எந்தக் கிடங்கு என்று அப்பாவுக்கே தெரியாது. தேடிப் பார்த்தேன், ஆற்றோரச் சாலையில் விடுதியும் சாப்பாட்டுக் கடையும்தான் கண்ணில் பட்டன.

சாயங்காலம் மலைமேல் இருக்கும் ச்சைதன்லன் பகோடாவுக்கு ஏறினேன். தன்ல்வின், ஜைங், அட்டரன் மூன்று ஆறுகளும் கூடுவது அங்கிருந்து தெரிகிறது. மரவியாபாரிகள் ஏன் இந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை மோஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய பர்மிய அரிசி நூடுல்ஸ். யாங்கோன் மோஹிங்காவோடு ஒப்பிட்டு என்னோடு யாரும் வாதாட வரவேண்டாம்! மீன் குழம்பு கெட்டியாக, எலுமிச்சைப்புல் மணத்தோடு. உள்ளே வட்டமாக நறுக்கிய வாழைத்தண்டு, வெந்தும் கடிபடும் பதத்தில். மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போட்டுத் தந்தார் கடைக்கார அக்கா. குழம்பில் பாதி ஊறி, பாதி மொறுமொறுவென்று இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். இரண்டு கிண்ணம் ஆனது. மதியச் சாப்பாட்டுக் காசு அதிலேயே போனது, சரி, போகட்டும்.

இவ்வூர் பம்பளிமாசுக்குப் பேர் போனது. மிச்சக் காசில் இரண்டு வாங்கினேன். ஊர் திரும்ப நிலையத்துக்குக் கிளம்பினால், வாசலில் அதே வண்டிக்காரர். ஒன்றும் பேசாமல் 2,500தான் வாங்கினார். பம்பளிமாசை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். நான் கொடுக்கவில்லை.