சுட்ட சுண்ணாம்பு சரியாக வெந்திருக்கிறதா?

சூளையிலிருந்து வரும் சுண்ணாம்பில் இரண்டு கோளாறுகள் வரலாம்: வேகாதது, அதிகம் வெந்தது. முதல் கோளாறை அமிலம் காட்டிவிடும். இரண்டாவதைத் தண்ணீர்தான் காட்டும்.

சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து கார்பன் டைஆக்சைடு பிரிகிறது. ஈரமில்லாத 100 கிராம் தூய கல் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பைத் தரும். மீதி 44 கிராமும் வாயுவாகப் போகும். ஆனால் களிமண்ணோ மணலோ கலந்த கல்லில் இழப்பு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் எடையை மட்டும் நம்ப முடியாது.

அமிலச் சோதனையில் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். சுண்ணாம்பின் மேல் நேராக நாலு சொட்டு அமிலம் விட்டு, நுரை வரவில்லை என்றதும் நன்றாக வெந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சொட்டுகளைச் சுண்ணாம்பே நடுநிலையாக்கி விழுங்கிவிடும். உள்ளே வேகாத கல் இருந்தாலும் அமிலம் அதுவரை போய்ச் சேராது. முதலில் தண்ணீரில் நீற்றி, ஆறவிட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை (9 பங்கு தண்ணீரில் 1 பங்கு அடர் அமிலம், தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்) நீல லிட்மஸ் சிவக்கும்வரை கலக்கிக்கொண்டே சேருங்கள். அப்போதும் பொங்கினால் வேகாத கல் (கால்சியம் கார்பனேட்) இருக்கிறது. திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பும் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிப் பொங்கும், அதனால் புதிதாகச் சுட்டதையே சோதியுங்கள். கந்தக அமிலம் இதற்கு உதவாது: கரையாத ஜிப்சம் படலம் கல்லை மூடி வினையை நிறுத்திவிடும். டாலமைட் கல்லோ (மக்னீசியமும் கலந்த கார்பனேட் கல்) குளிர்ந்த அமிலத்தில் சோம்பலாகத்தான் பொங்கும், அதைப் பொடித்துப் பாருங்கள்.

கல் வேகாமல் போவதற்குப் பெரிய துண்டுகளே முக்கியக் காரணம். வெந்த மேற்புறம் வெப்பத்தை உள்ளே எளிதில் விடாது. சூளையில் வாயு தேங்கினாலும் வினை மந்தமாகும். கிளிஞ்சல் மெல்லியது என்பதால் இந்தத் தொல்லை அதில் குறைவு.

அதிகம் வெந்த சுண்ணாம்புதான் உண்மையில் ஆபத்தானது. அமிலத்தில் நுரைக்காமல் கரைந்து, நல்ல சுண்ணாம்பு போலவே தோன்றும். அதிக வெப்பத்தில் நுண்துளைகள் அடைபட்டுத் தண்ணீர் புகாததால், சுவரில் பூசிய பிறகு மெல்ல நீறி, பருத்து, பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே தெறிக்கும். 20 டிகிரியில் உள்ள 600 மில்லி தண்ணீரில் 150 கிராம் சுண்ணாம்புப் பொடியைக் கொட்டிக் கலக்குங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தபடி. நன்கு வெந்தது சில நிமிடங்களிலேயே 60 டிகிரியைத் தாண்டும். மெதுவாகச் சூடேறினால் அந்தச் சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்துச் சலித்த பிறகே பூச்சுக்கு எடுக்க வேண்டும்.