தத்துவம் படித்து எவ்வளவு கிடைத்தது: என் கணக்கு

"இதப் படிச்சா மாசம் எவ்வளவு கெடைக்கும்ட்டி?"

2021-இல் எம்.ஏ. தத்துவத்துக்கு விண்ணப்பம் போட்ட அன்று அம்மா கேட்டது இது ஒன்றுதான். மடியில் பீடித்தட்டு, கை சுற்றிக்கொண்டே இருந்தது. முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தத் தட்டுதான். அதனால் அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை. அன்று பதில் தெரியவில்லை. இப்போது தெரியும்.

மாமாவுக்கோ சந்தேகமே இல்லை. "தத்துவம்லாம் பென்சன் வாங்கினப்புறம் படிக்கதுல்லா தாயி" என்றார். அபிஷேகப்பட்டியில் இருக்கும் நம் பல்கலைக்கழகமே மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில்தானே இருக்கிறது, அவர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்து சம்பளம் வாங்கியவர்தானே என்று கேட்டேன். "அது அந்தக் காலம்" என்று எழுந்து போய்விட்டார்.

மாமா சொன்னதில் நியாயமும் இருந்தது. பிளஸ் டூவில் தத்துவம் என்று ஒரு பாடம் கிடையாது. பி.எட். முடித்துப் பள்ளிக்கூட வேலைக்குப் போவது என்ற, நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழி இதில் இல்லை. வங்கித் தேர்வு, குரூப் 2 மாதிரி "ஏதேனும் ஒரு பட்டம்" போதும் என்கிற இடங்களில் தத்துவப் பட்டமும் மற்றப் பட்டங்களும் ஒன்றுதான். சென்னையில் என் வகுப்பில் பாதிப்பேர் ஐ.ஏ.எஸ். எழுத வந்தவர்கள். மெயின் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள், 500 மதிப்பெண். அறவியல் தாள் தனியாக 250. நல்ல கணக்குதான், ஆனால் வருமானமே இல்லாமல் சில வருடம் தாக்குப்பிடிக்கிற வீடு வேண்டும். எங்கள் வீடு அப்படியில்லை.

எனக்கு இருந்த வழி யு.ஜி.சி. நெட் என்ற, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குவது. வாங்கிவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அடுத்த மூன்று வருடம் 42,000. வாடகைப்படியைச் சேர்க்காமலே ஐந்து வருடத்துக்கு 24 லட்சம் ஆகிறது. எம்.ஏ. சேர்ந்த சமயம் இந்தத் தொகை 31,000 தான், 2023 தொடக்கத்திலிருந்துதான் 37,000. இந்த விவரத்தை எம்.ஏ. இரண்டாம் வருடத்தில் ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் சேரும் முன்பே யாராவது சொல்லியிருந்தால் அம்மாவிடம் அன்றைக்கே ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

தத்துவத்துக்கு எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் சுலபம் என்று சொல்வார்கள். அது தவறு. தேர்வு எழுதியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பேரைத்தான் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு எடுக்கிறார்கள், அதுவும் பாடவாரியாகப் பிரித்து. ஜே.ஆர்.எஃப். அதிலும் குறைவு. ஆள் குறைந்தால் இடமும் குறையும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். தமிழ்வழியில் படித்த எனக்குப் பெரிய மலை அதுதான். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு தமிழ் வாக்கியம் என்று எழுதிக்கொண்டே போனேன். நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபில் மலையில் புகை, அதனால் நெருப்பு என்று ஓர் உதாரணம் வரும். அதை விளக்கியபோது அம்மா சுற்றுவதை நிறுத்திவிட்டு, "பொகை மாதிரி தெரியுதது பனியா இருந்தா?" என்று கேட்டாள். அந்த மரபே போலி ஏதுக்கள், அதாவது காரணம் போலத் தோன்றி ஏமாற்றுபவை, என்று தனியாக ஆராய்ந்திருக்கும் சிக்கல் அது. அந்தப் பகுதியை நான் அப்புறம் மறக்கவே இல்லை.

நெட்டுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளிலேயே இந்தியத் தருக்கம் ஒரு பகுதியாக இருக்கிறது. காட்சி, அனுமானம், உவமானம் என்று அறிவு பெறும் வழிகளை மற்றவர்கள் புதிதாக மனப்பாடம் செய்யும்போது, நாம் ஏற்கெனவே படித்திருப்போம். இரண்டாம் தாளில் தருக்க அலகை முதலில் முடியுங்கள். கணக்குப் போல, வழி தெரிந்தால் விடை வந்துவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒன்றையும் விடாமல் எழுதுங்கள்.

முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைத்தது, அதில் பணம் கிடையாது. 2023 டிசம்பர் தேர்வில்தான் ஜே.ஆர்.எஃப். வந்தது.

இடையில் சான்றிதழ் விஷயம் ஒன்று. நம் ஊரில் வாங்கும் பி.சி. சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் ஓ.பி.சி. (மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு) என்று குறித்துவிட்டேன். மத்தியத் தேர்வுக்கு அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (அந்தப் பிரிவிலேயே வசதியானவர்கள்) இல்லை என்று தாசில்தார் தரும் சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவையில் பதிந்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாக நகர்வதற்குள் உயிர் போய்விட்டது. வருமான வரம்பு 8 லட்சம் என்றாலும் சம்பள வருமானமும் விவசாய வருமானமும் அதில் சேராது என்பதை நானே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தேர்வுக்குப் பதியும் முன்பே இதை வாங்கிவிடுங்கள்.

2024-இல் பி.எச்டி. சேர்ந்த பிறகும் பணம் தானாக வந்துவிடவில்லை. நாம் வேலை செய்தோம் என்று நிறுவனம் மாதா மாதம் இணையத்தில் உறுதி செய்தால்தான் வங்கி அனுப்பும். எனக்கு முதல் நான்கு மாதம் அது நடக்கவில்லை. விடுதி மெஸ்ஸுக்கு அம்மாவின் வாரப் பணத்திலிருந்து வாங்கினேன், அந்த நான்கு மாதம் தூக்கம் சரியாக இல்லை. ஊருக்கு வந்திருந்த ஒரு காலை 1,48,000 ரூபாய் சேர்ந்தாற்போல் வந்தது. அம்மா போனை வாங்கி, எண்ணை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இது எத்தன ஆயிரம் பீடிட்டி" என்றாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

இந்தப் பணம் ஐந்து வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு தத்துவத் துறை உள்ள கல்லூரிகள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுதான், வேலை காலியாவது அபூர்வம். ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் போன என் வகுப்புத் தோழி இப்போது வங்கியில் இருக்கிறாள். அவள் வருமானம் என்னுடையதைவிட நிலையானது. அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது தத்துவம் இல்லை, அந்தப் பட்டம். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் மொழிப் பகுதியில் தத்துவ மாணவர்கள்தான் முன்னணி என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அங்கே தத்துவம் எடுக்கிறவர்களே முன்பிருந்து நிறைய வாசிக்கிறவர்களாக இருக்கலாம். அதைக் காட்டி இங்கே ஒரு பிள்ளையைச் சேர்க்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பிள்ளை வந்து கேட்டாள். தத்துவம் அவளுக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது, பேசும்போதே தெரிந்தது. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். ஒரு பக்கம் நெட், வயது வரம்பு, முதுகலையில் 55 சதவீதம், இடஒதுக்கீடு இருப்பதால் அவளுக்கு 50 போதும், ஐந்து வருடப் பணம். மறு பக்கம் சென்னைச் செலவு, இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு, கிடைக்காவிட்டால் எழுத வேண்டிய வேறு தேர்வுகள். தாளை மடித்து எடுத்துப் போனாள். நாளைச் சாயங்காலம் அவள் அப்பாவை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.