சிவப்பு அட்டையோடு அன்னம்மாள் கோயிலுக்கு

ஜூலை வந்தால் பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அன்னம்மாள் கோயிலுக்குப் போய்விட வேண்டும், அது அம்மாவின் கணக்கு. இது எத்தனையாவது தடவை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கள் கோயில் பங்கு ஆட்கள் சேர்ந்து பிடிக்கும் பஸ்ஸில் முன்வரிசை ஜன்னல் சீட்டு அம்மாவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. கைப்பையில் ஜெபமாலை, கோடாலித் தைலம், ஒரு காலித் தண்ணீர்ப் போத்தல், அப்புறம் அந்தச் சிவப்பு அடையாள அட்டை.

அந்த அட்டைதான் விஷயமே. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரமாகத் தங்கலாம் ஆனால் குடிமக்கள் இல்லை என்பவர்களுக்குச் சிவப்பு. அம்மா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், 1957 சுதந்திரத்துக்கு முன்னால். தாத்தா பிறப்பைப் பதியவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி பார்த்துக்கொள்வார் என்று இவர் இருந்தாராம், கிராணி யார் பார்த்துக்கொள்வார் என்று இருந்தாரோ. முப்பது வருஷத்துக்கு மேல் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், பட்டை சீவிப் பால் வெட்டியவள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் நீல அட்டை, இவளுக்கு மட்டும் சிவப்பு. தேர்தல் அன்றைக்கு நாங்கள் விரலில் மையோடு வந்து நிற்கும்போது அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

2018-இல், 60 வயது தாண்டிய சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை கிடைக்கும் என்று அறிவிப்பு வந்தபோது வீட்டில் பாயசமே வைத்தோம். அப்புறம் மறுபடி விண்ணப்பப் பாரம், மறுபடி பேட்டி, இன்னொரு பத்திரம் வேண்டும் என்று ஒரு கடிதம். அம்மாவின் பெயரில் உள்ள கோப்பு என் கைத்தடிமனுக்கு வந்துவிட்டது. எந்த அலுவலகம், யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் வேறு கதையாகப் போய்விடும்.

எனக்கு அலுவலகத்தின் மேல் இருந்த கோபத்தைவிட ஆண்டவர் மேல் இருந்த கோபம்தான் அதிகம். ஜெபக்கூட்டத்தில் யாராவது "அவருடைய நேரம் வேற, நம்ம நேரம் வேறம்மா" என்று ஆரம்பித்தால் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கேட்டது கிடைத்திருக்கும், அதுதான் எரிச்சல்.

பஸ் தைப்பிங் பக்கம் போகும்போது வழக்கம்போல மழை. தைப்பிங்கில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி. அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்தபடியே வெளியே பார்த்து, "இன்னிக்கு வெட்டு இல்ல" என்றாள். தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இன்னும் மழையைப் பார்த்தால் அந்த நினைப்புதான் முதலில் வரும். மரம் நனைந்திருந்தால் வெட்டக் கூடாது, பால் வெட்டின கோட்டில் ஓடாமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகும். நான் சும்மா பேச்சுக்கொடுப்போமே என்று, மரம் வெட்டின பிறகு பால் சொட்டி முடிகிற வரைக்கும் என்ன செய்வீர்கள், உட்கார்ந்திருப்பீர்களா என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரு உக்கார விட்டா? கடைசி மரம் முடிக்கிறப்ப வெயில் ஏறிடும். காஞ்சு ஒட்டிக் கெடக்கிற ஒட்டுப்பால் பொறுக்கணும், பால் புடிக்கிற மங்கு கவுந்து கெடக்கும், நிமித்தி வெக்கணும், புள்ளைக்குக் கஞ்சி குடுக்கணும். அப்புறம்தான் முதல் மரத்துக்குத் திரும்பிப் போயி பால் எடுக்கிறது. அவசரப்பட்டுச் சீக்கிரம் எடுத்தா வாளி நெறையாது பாப்பா. ஆனா நாம போயி நின்னா மட்டும் அது வேகமாச் சொட்டிடுமா?"

பின் சீட்டு அக்கா ஒருத்தர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கூட ஒன்று சேர்த்தார்: வாளி நிறைய வேண்டுமென்று உளியை ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் பட்டு, அந்தப் பட்டை மறுபடி நேராக வளராதாம். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் வந்து திட்டுவாராம். இரண்டு பேரும் மண்டோர்களைத் திட்டிக்கொண்டே நிபோங் திபால் வரை வந்துவிட்டார்கள், ஜெபமாலை பாதியில் நின்றது.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தைப் பற்றி மலேசியாவின் வடக்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 26 திருநாள், அதற்கு முன் நவநாள், மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று மாறி மாறித் திருப்பலி. சீனர்கள் வருவார்கள், இந்துக்கள் வருவார்கள், ஊதுபத்தி கொண்டுவந்து எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கீழே 2002-இல் கட்டிய பெரிய ஆலயம், மேலே குன்றில் 1888-இல் கட்டிய பழையது. 2019-இல் இந்தத் திருத்தலத்தை, போப் தருகிற சிறப்புத் தகுதியான பசிலிக்காவாக உயர்த்தினார்கள். அதற்குமுன் ஒரு காலம் இந்தப் பழைய கோயிலுக்கு ஆளே போக முடியாமல் இருந்தது. 1948-இல் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதானே கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவித்தார்கள், அந்த அவசரகாலத்தில்தான் இதையும் மூடினார்கள். எங்கள் ஊரில் வெடித்த துப்பாக்கிச் சத்தம் அன்னம்மாள் கோயில் கதவைச் சாத்தியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னால், "தொறந்தாங்கள்ல?" என்பாள், அவ்வளவுதான்.

பைபிளில் அன்னம்மாள் பெயரே கிடையாது, தெரியுமோ? மரியாளின் தாய் தந்தை அன்னாவும் சுவக்கீனும் பல வருஷம் பிள்ளையில்லாமல் காத்திருந்தார்கள் என்பது பழைய மரபுக் கதை. பைபிளில் இருப்பது இன்னொரு அன்னா, சாமுவேலின் தாய். அவள் சீலோ ஆலயத்தில் வாயசைத்துச் சத்தமில்லாமல் அழுது கேட்டபோது குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று எனக்குச் சின்ன வயதில் மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் இந்த அம்மாள் வருஷா வருஷம் போய், மனம் வெடித்து, பார்க்கிறவர்கள் தப்பாக நினைக்கிற அளவுக்கு அழுதிருக்கிறாள். 13-ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள், ஆரம்பத்திலேயே நாலு தடவை "எத்தனை நாளைக்கு" என்ற கேள்விதான். லாசருக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் அனுப்பியும் இயேசு இரண்டு நாள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டு, புதைத்து நாலு நாள் ஆன பிறகு வந்தபோது மார்த்தா முகத்துக்கு நேராகச் சொல்கிறாள், நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்று. யாரும் அவளைப் பொறுமையில்லாதவள் என்று சொல்லவில்லை. இதையெல்லாம் படித்தபிறகுதான் எனக்கு ஆண்டவரோடு சண்டை போடுவதில் கூச்சம் கொஞ்சம் போனது. காத்திருப்பவள் கத்தலாம். போய்விடக் கூடாது, அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது.

மழை விட்டிருந்தது. அம்மாவுக்கு முட்டி வலி, ஆனாலும் மேலே ஏறியே தீருவேன் என்றாள். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி, கோடாலித் தைலம் தேய்த்து, மறுபடி ஏறினோம். பழைய கோயிலில் அன்னம்மாள் சுரூபத்துக்கு முன்னால் நல்ல வரிசை. எனக்கு முன்னால் அம்மா, அம்மாவுக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி, கையில் கட்டுக்கட்டாக மெழுகுவர்த்தி. அம்மா முறை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், சுரூபத்தின் பாதத்தைத் தொட்டாள், வாய் அசைந்தது. அருள்நிறைந்த மரியே சொல்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே போய்க் காது கொடுத்தால், எண் சொல்கிறாள். எழுத்து, கோடு, எண், மறுபடி கோடு, கடைசியில் வருஷம். அவளுடைய கோப்பு எண்! நானே அதைக் கைப்பேசியில் பார்த்துத்தான் சொல்வேன், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற அம்மா மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் மலாயில்.

வெளியே வந்ததும், "ஏன்மா, அன்னம்மாளுக்கு நம்பர் எல்லாம் தேவையா?" என்று கேட்டேன்.

"அங்க எத்தன பேரு கேக்கறாங்க பாத்தியா. மாறிப் போயிடக் கூடாதுல்ல."

சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணும் கலங்கியது, நல்லவேளை அம்மா போத்தலில் தண்ணீர் பிடிக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

சாயங்காலம் தமிழ்த் திருப்பலி, அப்புறம் வாசலில் மீ கோரேங், அம்மாவுக்குக் காரம் ஆகவில்லை. பஸ் ஊர் வந்து சேரும்போது நடுராத்திரி. மறுநாள் திங்கட்கிழமை, நான் லீவு போட்டிருந்தேன், அம்மாவை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். கவுண்டர் திறக்கும் முன்பே கூட்டம். நம்பர் சீட்டு எடுத்துப் பார்த்தால் எங்களுக்கு முன் அறுபத்து மூன்று பேர். நான் பெருமூச்சு விட்டேன். அம்மா கோப்பை என் மடியில் வைத்துவிட்டு, பைக்குள் கையை விட்டு ஜெபமாலையை எடுத்தாள்.

"பஸ்ஸுல எந்த மணியில விட்டேன், பாப்பா?"